வாளிக்குள் நேயர் விருப்பம்

கேளுங்கள், சொல்கிறேன்

மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்குப் போயிருந்தபோது, பிராட்வே தெருவில் உள்ள ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டு என்ற மதுக்கடையில் பகல் நேரங்களில் உட்கார்ந்து பழைய கன்ட்ரி பாட்டுகளை, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளை, கேட்டேன் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். எழுதியது ஆறு வரி. வந்த கடிதங்கள் ஒரு பை. வீணைக்கு மெழுகு வைப்பது பற்றிக் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும். இந்த முறை முழுக்க இதுதான்.

ஹாங்கி டாங்க் என்பது பாட்டா, வாத்தியமா, கடையா? பெயரைச் சொன்னாலே வீட்டில் சிரிக்கிறார்கள். (கும்பகோணம்)

முதலில் கடை. அப்புறம் அந்தக் கடையில் பாடிய பாட்டு. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியதும், டெக்சஸ் எண்ணெய் வயல்களை ஒட்டி மலிவான மதுக்கடைகள் முளைத்தன. கூலியைக் கையில் வாங்கியவர்கள் நேரே அங்கே வந்து குடித்தார்கள், ஆடினார்கள், அடித்துக்கொண்டார்கள். அந்த இரைச்சலில் மெல்லிய கிதாரும் ஃபிடிலும் யார் காதில் விழும்? ஆகவே கிதாருக்கு மின்சாரம் ஏறியது, தாளம் தடித்தது. எர்னஸ்ட் டப் என்ற பாடகர் 1941-இல் மின்சார கிதாரோடு பாட்டுப் பதிவுசெய்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். கடைகளில் ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டி, வைத்துப் பிழைத்த ஒருவர் அவரிடம் வந்து, “சாயங்காலம் கூட்டம் ஏறிவிட்டால் உங்கள் இசைத்தட்டு காதில் விழுவதே இல்லை” என்று முறையிட்டாராம்.

வரிகளும் கடைக்கு ஏற்ப மாறின. அதுவரை அம்மா, தேவாலயம், பிறந்த மண் என்று பாடிக்கொண்டிருந்தவர்கள், விட்டுப்போன மனைவியையும் விடியாத இரவையும் பாட ஆரம்பித்தார்கள்.

பழைய பாட்டுகளைக் காப்பாற்றும் ஒரு பாடகர் என்று எழுதினீர்களே, அவர் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? (ஈரோடு)

இடம் போதவில்லை என்று ஆசிரியர் குழு வெட்டிவிட்டது. ஜோஷுவா ஹெட்லி. ஃபுளோரிடா மாநிலத்தின் நேப்பிள்ஸ் ஊர்க்காரர். மூன்று வயதில் ஃபிடில் வேண்டும் என்று கேட்டாராம், எட்டு வயதில்தான் கிடைத்தது. ஒரு பிள்ளை ஐந்து வருடம் ஒரே பொருளைக் கேட்டுக்கொண்டிருந்தால் வாங்கிக் கொடுத்துவிடுவதுதான் வீட்டுக்கு நல்லது. பத்தொன்பது வயதில் நாஷ்வில் வந்தவர், முதலில் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார், பிறகு தாமே பாடினார். ராபர்ட்ஸில் திங்கட்கிழமை இரவு என்றாலே ஹெட்லி என்று ஊரில் பேரெடுத்தார்.

சொந்தப் பாட்டுகள் அடங்கிய முதல் ஆல்பம் 2018-இல்தான் வந்தது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் அடுத்தவர் பாட்டைப் பாடித் தீர்த்திருந்தார். ஆல்பத்தின் பெயர் ‘மிஸ்டர் ஜூக்பாக்ஸ்’. தம்மையே பெட்டி என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. அதை முதலில் கேட்டபோது, உறையில் 1965 என்று அச்சிட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பேன்.

நேரில் கேட்டீர்களா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை. அவருடையது இரவுக் கச்சேரி. அறுபத்தெட்டு வயதுக்காரியை இரவு நேரத்தில் பிராட்வேக்கு அனுப்ப மாட்டேன் என்று என் மகள் கதவருகே நின்றுவிட்டாள். நான் நேரில் கேட்டதெல்லாம் பகல் குழுக்களை. அவர்களும் அதே பாட்டுகளைத்தான், அதே மேடையில்தான், கேட்பவர்கள் காசு போடும் அதே வாளியை நம்பித்தான் பாடுகிறார்கள்.

அடுத்தவர் பாட்டை அப்படியே பாடுவதில் என்ன கலை இருக்கிறது? மூலப் பதிவு தொலைபேசியிலேயே கிடைக்கும்போது நகலை ஏன் காசு கொடுத்துக் கேட்க வேண்டும்? (திருச்சி)

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் முதல் நாள் இதே எண்ணத்தோடுதான் போய் உட்கார்ந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் ரே பிரைஸின் பாட்டு ஒன்றைக் கேட்டார். ரே பிரைஸ் 1956-இல் ஒரு பாட்டால் இருபது வாரம் பிரபல கன்ட்ரி பாட்டுகளின் பட்டியல் உச்சியில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய தாளத்துக்கே ‘ஷஃபிள்’ என்று பெயர் வந்தது. பாஸ் வாத்தியம் தாள அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும், டிரம் அதன்மேல் துள்ளிக்கொண்டே போகும். பாட்டு ஆரம்பித்ததும் அந்த முதியவர் மனைவியின் கையைப் பிடித்து எழுந்தார். மேடைக்கு முன்னால் இருந்த இடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இருக்கலாம். இரண்டு வேக அடி, இரண்டு நிதான அடி என்று அதற்குள்ளேயே சுற்றி வந்தார்கள்.

பழைய இசைத்தட்டுப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவர்கள் இரண்டாவது சுற்றில்தான் சூடு பிடித்திருந்தார்கள். பாடகர் கடைசி அடிக்கு வந்தவர், அவர்களைப் பார்த்தார், ஃபிடில்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஃபிடில் ஒரு சுற்று, ஸ்டீல் கிதார் ஒரு சுற்று, மறுபடி பல்லவி. டிரம்காரர் ஓர் இடத்தில் சற்றே பின்வாங்க, அந்த அம்மாளின் இடது கால் ஒரு கணம் தயங்கியது. டிரம்காரர் அதைக் கண்டுகொண்டு உடனே நிமிர்ந்துவிட்டார். என் கண்முன்னால் நடந்தது. ரே பிரைஸின் இசைத்தட்டு எத்தனை அருமையானதாக இருந்தாலும் அந்த அம்மாளின் காலைப் பார்க்காது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. வானொலியில் முப்பத்தொரு ஆண்டுகள் நேயர் விருப்பம் வாசித்தவள் நான். அஞ்சலட்டையில் வரும் பாட்டுகள் எவை என்று எங்களுக்கு மனப்பாடம். சுற்றிச் சுற்றி அதே நாற்பது பாட்டு. நேயரைக் குறைசொல்ல முடியாது. தெரிந்ததைத்தானே கேட்பார்கள்? நான் ஒரு திருட்டு வேலை செய்வேன். விரும்பிக் கேட்ட இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், யாருமே கேட்காத ஒன்றைச் சொருகிவிடுவேன். அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்ததாக இருக்கும். பதினைந்து நாள் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டு இரண்டு அட்டைகள் வரும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு நடையே வேறு.

ராபர்ட்ஸில் அதே திருட்டைக் கண்டேன். எல்லோரும் கேட்கும் ஜானி கேஷ் பாட்டு ஒன்று, அதை அடுத்து யாரும் கேட்காத பழைய பாட்டு ஒன்று. அதற்கு முன்னுரையாகப் பாடகர் பாடியவர் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லுவார், அவ்வளவுதான், பிரசங்கம் கிடையாது. பின் மேசையில் பிறந்தநாள் கொண்டாட வந்த பெண்களில் ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் திரும்புவாள். பழைய பாட்டைக் காப்பாற்றுவது என்று நீங்கள் எதை நினைக்கிறீர்களோ தெரியாது. நான் இதைத்தான் நினைக்கிறேன்: அதை அடுத்த மாதம் கேட்டு வாங்குவதற்கு இன்னும் ஓர் ஆளைத் தயார்செய்வது. பதிவாகிக் கிடப்பதால் மட்டும் ஒரு பாட்டுக்கு ஆள் சேருவதில்லை.

ஒத்திகை இல்லாமல், நேற்றுவரை சேர்ந்து வாசிக்காதவர்களும் சேர்ந்து வாசிப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எப்படி? (தஞ்சாவூர், மிருதங்க மாணவர்)

விரலைப் பாருங்கள் தம்பி, வாயைப் பார்க்காதீர்கள். பாட்டைச் சொன்னதும் பாடகர் கையை இடுப்பருகே வைத்து விரல்களைக் காட்டுவார். மேல்நோக்கி மூன்று விரல் என்றால் ஏ, நம் கணக்கில் ஆறு கட்டை. கீழ்நோக்கி இரண்டு விரல் என்றால் பி ஃபிளாட், ஆறரைக் கட்டை. எழுதிப் படித்த சங்கீதத்தில் அந்தச் சுருதிக்கு எத்தனை ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றியது) வருமோ அத்தனை விரல் மேலே, எத்தனை ஃபிளாட் (அரைச் சுரம் இறக்கியது) வருமோ அத்தனை விரல் கீழே. சுருதி தெரிந்துவிட்டால் மீதிக்கு எண் போதும். ஒன்று, நான்கு, ஐந்து. ச, ம, ப மேல் எழும் மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகள், என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ், 1950-களின் பிற்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் தம் குழுவின் வசதிக்காக எண் போட்டு எழுத ஆரம்பித்தது இது. இன்று நாஷ்வில் முழுக்க இதுதான் எழுத்து. பாடகரின் தொண்டை அன்றைக்குச் சரியில்லை என்றால் சுருதியைக் கீழே இறக்கினால் போதும், எண் மாறாது.

ஆனால் விரல் சுருதியைத்தான் சொல்லும். எந்த இடத்தில் ஃபிடில் நுழைய வேண்டும், எங்கே ஸ்டீல் கிதார் மட்டும் பேச வேண்டும் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு ஊறியிருக்க வேண்டும். நீங்கள் மிருதங்கம் வாசிப்பவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அழுவதுபோல் ஒலிக்கும் அந்த வாத்தியம் எது? (விருதுநகர்)

பெடல் ஸ்டீல் கிதார். மேசைபோல் நிற்கும், வாசிப்பவர் உட்கார்ந்திருப்பார். இடக்கையில் ஓர் உருக்குத் தண்டு தந்திகள்மேல் வழுக்கும். காலால் பெடலை மிதித்தால் ஒரு தந்தி மட்டும் சுருதி ஏறும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். ஒன்று நிற்க ஒன்று நழுவுவதால்தான் அந்த அழுகை. முழங்காலுக்கும் நெம்புகோல்கள் உண்டு. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு முழங்கால், எல்லாவற்றுக்கும் வேலை. ராபர்ட்ஸ் இருக்கும் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் இந்த வாத்தியம் செய்யும் ‘ஷோ-பட்’ கடை இருந்தது. ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது.

இந்தப் பாட்டுகளில் குடியும், ஓடிப்போன பெண்ணைத் திட்டுவதும் தவிர வேறென்ன இருக்கிறது? நீங்கள் ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இதை ரசிக்கலாமா? (பாளையங்கோட்டை)

ரசிக்கலாம். சில நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கு 1952-லேயே ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள். அந்த ஆண்டு ஹாங்க் தாம்ப்சன் என்பவர், வீட்டை விட்டுவிட்டு மதுக்கடை வெளிச்சத்துக்குப் போன பெண்ணைப் பழித்து ஒரு பாட்டுப் பாடினார். ஊரே பாடியது. கிட்டி வெல்ஸ் என்ற முப்பத்திரண்டு வயதுக் குடும்பப் பெண், பாட்டே வேண்டாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம் என்ற நிலையில் இருந்தவர், அதற்கு எதிர்ப்பாட்டுப் பதிவுசெய்தார். கூலி 125 டாலர். அப்படிப்பட்ட பெண்களைக் கடவுள் படைக்கவில்லை, கல்யாணமானதை மறைத்துக்கொண்டு திரியும் ஆண்களைக் கேளுங்கள் என்பது அதன் சாரம். என்.பி.சி. வானொலி தடைசெய்தது. ஆனாலும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப்பாடகி என்ற பெயர் அவருக்குத்தான் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் மெட்டு. அடியும் அதே மெட்டு, பதிலடியும் அதே மெட்டு. அது தாம்ப்சனுடையதும் இல்லை. ராய் ஏகஃப் 1936-இல் அதே மெட்டில் பக்திப் பாட்டுப் பாடியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1929-இல், கார்ட்டர் குடும்பத்தினர் அதில் காதல் பாட்டுப் பதிவுசெய்திருக்கிறார்கள். காதல், பக்தி, பழி, பதில் என்று நான்கு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மெட்டு. ராபர்ட்ஸில் ஒருநாள் ஒரு பெண் கிட்டி வெல்ஸ் பாட்டைப் பாடியபோது, குடித்துக்கொண்டிருந்த ஆண்களும் சேர்ந்து பல்லவி பாடினார்கள். வரியைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

பேத்தி எடுத்த வயதில் மதுக்கடையில் போய் உட்கார வெட்கமாக இல்லையா? (பெயர் வெளியிட விரும்பாதவர்)

எனக்கு எலுமிச்சை ஜூஸ்தான் தந்தார்கள். பெயர் வெளியிட வெட்கமா?

இது வெள்ளைக்காரக் கிராமத்தார் இசைதானே? மற்றவர்களுக்கு அதில் என்ன இடம்? (புதுச்சேரி)

ஹாங்க் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1953 புத்தாண்டு நாளில், இருபத்தொன்பது வயதில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்துபோனவர். ஹாங்கி டாங்க் பாடும் யாரும் அவரைத் தொடாமல் தாண்ட முடியாது. சிறுவனாக அலபாமாவில் அவர் பாட்டுக் கற்றது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம். வாத்தியாரின் குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை.

இன்றைக்கு சார்லி கிராக்கெட்டைக் கேளுங்கள். டெக்சஸ்காரர், கறுப்பினமும் வெள்ளையும் கலந்த குடும்பம். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களிலும் நியூயார்க் சுரங்க ரயிலிலும் தொப்பியை வைத்துப் பாடியவர். 2017-இல் முழுக்க முழுக்கப் பழைய ஹாங்கி டாங்க் பாட்டுகளால் ஓர் ஆல்பம் போட்டார். டெக்சஸின் ஜேம்ஸ் ஹேண்ட் 2020-இல் காலமானபோது, அடுத்த ஆண்டே அவருடைய பாட்டுகளை மட்டும் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஜேம்ஸ் ஹேண்ட் பெயரை நான் தெரிந்துகொண்டதே அதன்பிறகுதான்.

ராபர்ட்ஸ் கடையின் உரிமையாளர் ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ் பிரேசிலில் பிறந்தவர். அவர் குழுவின் பெயர் பிரேசில்பில்லி.

அந்த பிராட்வே தெருவில் மட்டும் ஏன் இத்தனை பாட்டுக்கடை? (சேலம்)

ரைமன் அரங்கம் பக்கத்தில் இருப்பதால். 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. அரங்கத்துக்கும் பிராட்வே கடைகளுக்கும் நடுவே ஒரு சந்து. பாடகர்கள் ஒரு பாட்டு முடித்துச் சந்து தாண்டி டூட்ஸிஸ் கடையின் பின்வாசல் வழியே நுழைந்து ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். 1974-இல் ஆப்ரி ஊருக்கு வெளியே போனதும் தெரு கெட்டது. அடகுக்கடையும் ஆபாசக் கடையுமாக இருபது வருடம். ரைமன் 1994-இல் மீண்டும் திறந்தது. அதே சமயம் காலணிக் கடையாக இருந்த ராபர்ட்ஸில் பிஆர்5-49 என்ற இளைஞர் குழு வாளிக் காசுக்கு ஹாங்க் வில்லியம்ஸ் பாட ஆரம்பித்தது. கூட்டம் கூடியது. காலணிகள் இன்றும் சுவர் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

இப்போது தெரு மறுபடி கெட்டுவிட்டது, இந்த முறை பணத்தால். நட்சத்திரப் பாடகர்களின் பெயரில் மாடிமேல் மாடியாக மதுக்கடைகள், அவற்றில் பெரும்பாலும் ராக் பாட்டு. எதிரே இருந்த எர்னஸ்ட் டப் இசைத்தட்டுக் கடையை 2022-இல் மூடிவிட்டார்கள்.

தாத்தா காலத்துப் பாட்டை இன்றைய பிள்ளைகள் மேல் திணிக்கலாமா? (சென்னை, கல்லூரி மாணவி)

இதே கேள்வியை 2013-இல் பிளேக் ஷெல்டன் என்ற நட்சத்திரப் பாடகர் வேறு தொனியில் கேட்டு மாட்டிக்கொண்டார். தாத்தாவின் பாட்டை எவனும் கேட்க விரும்பவில்லை என்பதுபோலச் சொல்லி, பழம்பாட்டுப் பிரியர்களைக் கிழடுகள் என்றும் ஏசினார். எண்பத்தேழு வயதில் உடல்நலம் குன்றியிருந்த ரே பிரைஸ், மேலே நான் சொன்ன அதே ரே பிரைஸ், சூடாகப் பதில் கொடுத்தார். ஷெல்டன் மன்னிப்புக் கேட்டார். டேல் வாட்சன் என்ற டெக்சஸ் பாடகர் அதைவிடக் கெட்டிக்காரர். ‘கிழடு’ என்பதையே தலைப்பாக்கிப் பாட்டுக் கட்டினார். கன்ட்ரி என்ற பெயரையே நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இந்தப் பழைய வகைக்கு ‘அமெரிபாலிடன்’ என்று புதுப்பெயர் வைத்து, 2014-இல் விருதும் கொடுக்க ஆரம்பித்தார். பெயர் எனக்கு ஒட்டவில்லை. பாட்டு ஒட்டியது.

திணிக்க வேண்டாம் அம்மா. நடுவில் ஒன்றைச் சொருகினால் போதும்.

ராபர்ட்ஸில் பாடுகிறவர்களுக்கு வருமானம் எப்படி? (நாகர்கோவில்)

வாளியில்தான் பெரும்பகுதி. நான்கு மணி நேரம் ஒரு முறை. நடுவில் குழுவில் ஒருவர் வாளியோடு மேசை மேசையாக வருவார். பணத்தோடு பாட்டையும் சொல்லலாம். ‘அந்தப் பாட்டுத் தெரியாது’ என்று பாடகர் சொன்னால் அந்த நோட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடும். நூற்றுக்கணக்கில் பாட்டுகள் மனப்பாடமாக இருப்பதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. மழை நாளில் வாளியின் அடி தெரியும். நானே எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் எந்தப் பாட்டைக் கேட்டீர்கள்? (மதுரை, காரைக்குடி, நெய்வேலி, இன்னும் பலர்)

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், காகிதக் கைக்குட்டை ஒன்றில் லெஃப்டி ஃப்ரிஸல் 1959-இல் பாடிய ‘லாங் பிளாக் வெய்ல்’ என்று எழுதினேன். கொலைப்பழி சுமந்தவன், சம்பவ இரவில் நண்பனின் மனைவியோடு இருந்ததைச் சொன்னால் உயிர் தப்பலாம். சொல்லாமல் தூக்கில் தொங்குகிறான். பாடுவது செத்துப்போன அவன்தான். கறுப்பு முக்காடோடு அவள் அவன் கல்லறைக்கு வந்து போகிறாள். ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் இத்தனையும்.

பழக்கதோஷம், பாட்டின் பெயருக்குக் கீழே என் பெயரையும் அம்பாசமுத்திரம் என்று ஊரையும் எழுதி, ஐந்து டாலரோடு வாளியில் போட்டேன். பாடகர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். என் பெயரைச் சமாளித்துவிட்டார். ஊர்ப் பெயரில் மூன்றாவது எழுத்திலேயே வழுக்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசி வரை விடாமல் படித்து முடித்தார். எத்தனை ஆயிரம் பெயர்களை நான் வாசித்திருப்பேன், என் பெயரை இன்னொருவர் வாசித்துக் கேட்டது அன்றுதான். பாட்டின் முதல் இரண்டு வரி எனக்குக் கேட்கவே இல்லை.